தேத்தண்ணி சாப்பாட்டில் சேராது

முதல் நாள்

கோயம்புத்தூருக்கு முதன்முதலாக ஒரு நோயாளியைக் கூட்டிக்கொண்டு இறங்கிய நாளில் சாயங்காலம் நான்கு மணி வரை நான் பட்டினி. நீலகிரியில் கட்டபெட்டுப் பக்கம் ஒரு டீ எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஹெல்த் அசிஸ்டென்டாகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எங்களிடம் இருந்தது ஆறு கட்டில், வாரத்தில் மூன்று நாள் வரும் டாக்டர், ஒரு மருந்து அலமாரி. அதற்கு மேற்பட்ட வியாதி என்றால் ரெஃபரல் எழுதி, ஆம்புலன்ஸில் ஏற்றி, கோத்தகிரி காட் ரோடு வழியாகக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கூடப் போவது என் டியூட்டி.

அன்றைக்குக் கால் முறிந்த ஒரு பெண்ணும் அவள் புருஷனும் வந்திருந்தார்கள். டோக்கன் வரிசை, எக்ஸ்ரே வரிசை, கையெழுத்து வரிசை என்று நின்று முடிக்கவே பொழுது போய்விட்டது. அவளை வார்டில் படுக்கவைத்துவிட்டு, பெரிய போர்டு வைத்த ஒரு ஹோட்டலுக்குள் அந்தப் புருஷனோடு நுழைந்தேன். மேஜைகள் காலியாகத்தான் இருந்தன. சப்ளையர் அவருடைய ஸ்வெட்டரையும் செம்மண் ஒட்டிய காலையும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உக்கார எடமில்லீங்க, பார்சல்தான்" என்றார். இரண்டு பேரும் பஸ் ஸ்டாப் நிழலில் நின்றபடி பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். எனக்குப் பசியை விட அந்தப் பார்வையின் மேல்தான் ஆத்திரம். அன்று ராத்திரியே பழைய டைரி ஒன்றை எடுத்து, ‘இந்தக் கடைக்குப் போகக் கூடாது’ என்று முதல் பக்கத்தில் எழுதினேன். கடை நோட்டு அப்படித்தான் ஆரம்பமானது.

நோட்டில் ஏறிய கடைகள்

முப்பது வருஷத்தில் அந்த நோட்டு தடித்துப்போனது. எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று இப்போது எல்லோரும் போனைத் தடவிப் பார்க்கிறார்கள். போட்டோ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் காலில் கட்டுப் போட்டவர் ஏற முடியாத அளவுக்கு வாசலில் எத்தனை படி இருக்கிறது என்று எந்த போட்டோவும் சொல்வதில்லை.

நான் பார்ப்பதெல்லாம் வேறு. ஆஸ்பத்திரி வார்டு ஆயாக்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று முதலில் பார்ப்பேன். அவர்கள் தினமும் சாப்பிட்டாக வேண்டும், அதனால் கெட்ட கடையில் இரண்டாம் நாள் உட்கார மாட்டார்கள். அடுத்தது கை கழுவும் இடம். அங்கே போய் நின்றால் சமையற்கட்டின் லட்சணம் தெரிந்துவிடும். தனியாக ஒரு பொம்பளை உட்கார்ந்து சாப்பிட்டால் யாராவது முறைக்கிறார்களா என்று பார்ப்பேன். கூட வந்தவர் ரசமும் சோறும் மட்டும் கேட்டால் முகம் சுளிக்காமல் போடுகிறார்களா என்பதும் முக்கியம். வார்டில் ஆளைப் படுக்கவைத்துவிட்டு வருகிறவர்களுக்குக் குழம்பு இறங்காது.

இப்படி அலைந்து கண்டுபிடித்தவை மொத்தம் ஒன்பது கடைகள். அதில் ஒரு மெஸ் அம்மா எங்கள் ஆட்களைப் பார்த்தாலே, "மலைக்காரவுங்க வந்துட்டாங்க, ஃபேனைக் கூட்டி வைங்க, ஸ்வெட்டரோட வேர்த்து ஊத்துது பாருங்க" என்பார். எஸ்டேட்டில் யார் கோயம்புத்தூர் கிளம்பினாலும் எங்கே சாப்பிடலாம் என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். மருந்தைப் பற்றிக் கேட்டதை விட அதைக் கேட்டதுதான் அதிகம். எனக்கும் அதில் பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ராமையா

ஃபேக்டரியில் இலை மூட்டை தூக்கியே முதுகு வளைந்தவர் ராமையா. சின்னப் பையனாக இருந்தபோது தாய் தகப்பனோடு சிலோனிலிருந்து இங்கே வந்து சேர்ந்தார். எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லயன் வீட்டில் தனியாள். மனைவி இல்லை. ஒரே மகள் கலா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அங்கத்திய பேச்சு அவரிடம் அப்படியே இருந்தது. நர்ஸ் வேலை பார்க்கிற யாரும் அவருக்கு ‘மிஸ்ஸி’தான். டீ என்று அவர் வாயில் வராது, தேத்தண்ணி. பன் என்று வராது, பணிஸ்.

அவருக்குக் குடலிறக்கம். வருஷக்கணக்காக வேட்டியை இறுக்கிக் கட்டி மறைத்து வைத்திருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டர், "குடல் எப்ப வேணும்னாலும் மாட்டிக்கும். மாட்டிக்கிச்சுன்னா உசுருக்கே ஆபத்து" என்று சொல்லி, உடனே தேதி கொடுத்தார். கலாவுக்கு லீவு கிடைக்கவில்லை, ஆபரேஷன் அன்று மத்தியானம்தான் வர முடியும் என்றாள். அதனால் முதல் நாள் நானே கூட்டிப்போய் அட்மிட் செய்தேன். பீளமேட்டில் என் நாத்தனார் வீட்டில் தங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

சாயங்காலம் வார்டில் சொல்லிவிட்டு அவரை அந்த மெஸ் அம்மாவிடம் கூட்டிப்போய் ரசம் சாதம் சாப்பிட வைத்தேன். திரும்பி வரும்போது பின்கேட்டுக்கு எதிரில் இருக்கும் டீக்கடையைக் கை காட்டினேன்.

"இந்த ஊர்லயே நல்ல டீ இங்கதானுங்க ராமையாண்ணா. நம்ம பக்கத்துத் தூளு. காலைல அஞ்சு மணிக்கே திறந்துருவாங்க."

"அப்பிடியா மிஸ்ஸி?" என்று நின்று பார்த்துக்கொண்டார்.

கட்டிலில் படுக்கவைத்த பிறகு, "பத்து மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடக் கூடாதுங்க. வெறும் வயிறா இருக்கோணும்" என்றேன். "சரிங்க மிஸ்ஸி" என்றார். இரண்டையும் சொன்னது நான்தான். ஒன்றை நோட்டுக்காரி சொன்னாள், இன்னொன்றை ஹெல்த் அசிஸ்டென்ட் சொன்னாள்.

தியேட்டர் வாசல்

மறுநாள் ஏழு மணிக்கு வார்டுக்குப் போனேன். "ராமையாண்ணா, ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "ஒண்ணுமே சாப்பிடல மிஸ்ஸி" என்றார். வார்டு நர்ஸ் கேட்டபோதும் அதே பதில். பச்சை அங்கியை மாட்டிவிட்டார்கள். லிஸ்டில் இரண்டாவது பேர். ஒன்பதரைக்கு ஸ்ட்ரெச்சரை உருட்டிக்கொண்டு போனார்கள், ஃபைலைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

தியேட்டர் வாசலில் மயக்க மருந்து டாக்டர் நின்றார். சின்ன வயசுப் பெண். அவர் இன்னும் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டார்.

"ஐயா, காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்கம்மா."

"ஏதாவது குடிச்சீங்களா?"

"தேத்தண்ணி மட்டும் குடிச்சேன்."

"தண்ணியா? எத்தனை மணிக்கு?"

"அஞ்சரை இருக்கும். ரெண்டு பணிஸோட."

டாக்டருக்குத் தண்ணி மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது. என் பக்கம் திரும்பி, "பணிஸ்னா என்னங்க? பிரஷர் மாத்திரையா? ஒரு வாய்த் தண்ணியில மாத்திரை போட்டிருந்தா பரவால்ல" என்றபடி பேனாவை எடுத்துவிட்டார்.

ராமையா படுத்தவாக்கில் என்னைப் பார்த்தார். நான் பேசாமல் தலையாட்டியிருந்தால் ஸ்ட்ரெச்சர் உள்ளே போயிருக்கும். அவ்வளவு அலைந்து வாங்கிய தேதி அது. ஆனால் பாலும் பன்னும் இருக்கிற வயிற்றோடு மயக்கம் கொடுத்தால் அது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடும். ஆளே போய்விடலாம். அது எனக்குத் தெரியும்.

"டாக்டர், தேத்தண்ணின்னா பால் டீங்க. பணிஸ்னா பன்னு" என்றேன்.

பேனா நின்றது. "சாப்பிட்டீங்களான்னு கேட்டனே ஐயா?" என்றார் டாக்டர்.

"சாப்பிடலீங்கம்மா, தேத்தண்ணிதானே குடிச்சேன்" என்றார் ராமையா. அவர் பொய் சொல்லவில்லை. லயனில் சாப்பாடு என்றால் சோறு. விடிகாலையில் ரொட்டியோ பன்னோ தொட்டுக் குடிப்பது தேத்தண்ணிக் கணக்கு. ‘தேத்தண்ணி குடிச்சாச்சா?’ என்பது ஒரு கேள்வி, ‘சாப்பிட்டாச்சா?’ என்பது வேறு கேள்வி. முப்பது வருஷம் அந்த லயன்களில் ஏறி இறங்கிய எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே தப்பான கேள்வியைக் கேட்டேன்.

"நீங்கதானே கூட வந்தவங்க?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

லிஸ்டில் கடைசியாகவாவது போடச் சொல்லிக் கெஞ்சினேன். பார்க்கலாம் என்றார்கள். அதற்குள் விபத்துக் கேஸ் இரண்டு வந்துவிட்டன. இரண்டரை மணிக்கு அன்றைய லிஸ்ட் முடிந்தது. அடுத்த வாரம் இதே கிழமை வாருங்கள் என்று கட்டிலையும் காலி செய்யச் சொன்னார்கள்.

ராமையா வேட்டியை மாற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். "நீங்க சொன்ன கடைதானே மிஸ்ஸி. தூக்கம் வரல, போய் ஒரு தேத்தண்ணி குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதுதான் கூடுதலாகக் குத்தியது.

பன்னிரண்டு மணிக்கே கலா வந்திருந்தாள். நடந்ததை அப்பா வாயால் கேட்டதும் என் எதிரில் வந்து நின்றாள்.

"அவங்க மாத்திரையான்னுதானேங்க கேட்டாங்க? நீங்க வாயை மூடிட்டு இருந்திருக்கலாமில்லீங்க?"

நான் விளக்கம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஒத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள்

மேலே வந்தபின் தினமும் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பாரம் தூக்கவில்லை, விறகுகூடத் தொடவில்லை. ஆனால் மழையும் குளிரும் சேர்ந்து இருமல் பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். போய்ப் பார்த்தால் ராமையா வாந்தி எடுத்துச் சுருண்டு கிடக்கிறார். அடிவயிற்று வீக்கம் கல் மாதிரி இறுகியிருந்தது. ஆம்புலன்ஸ் டிரைவர் மூர்த்தி அன்று காட் ரோட்டில் எந்த வளைவிலும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

எமர்ஜென்சியில் ஆபரேஷன் செய்தார்கள். மாட்டிக்கொண்ட குடலில் ஒரு துண்டு கறுத்துப்போயிருந்தது, வெட்டி எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார்.

நான் அன்று தியேட்டர் வாசலில் சொன்னது சரிதான் என்று அந்த மயக்க மருந்து டாக்டரே பிறகு என்னிடம் சொன்னார். சரிதான். ஆனால் ஏழு மணிக்குச் சரியாகக் கேட்டிருந்தால் அப்போதே லிஸ்டில் அவர் பேரைக் கீழே தள்ளிப்போட்டிருக்கலாம். அதற்கு முந்தின சாயங்காலம் அந்த டீக்கடையைக் காட்டாமல் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது. கலா அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. அவள் மேல் எனக்குக் கோபமும் இல்லை.

அதன் பிறகு ரிட்டயர் ஆகும்வரை ஆபரேஷனுக்குப் போகிற யாரையும் சாப்பிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. "எந்திரிச்சதுல இருந்து வாய்க்குள்ள என்னென்ன போச்சு, ஒண்ணொண்ணாச் சொல்லுங்க" என்பேன். வெற்றிலை, முறுக்கு, ஹார்லிக்ஸ், சாமி பிரசாதம் என்று எதெல்லாமோ வெளியே வரும். இந்த வேலைக்கு வருகிறவர்கள் இந்த ஒன்றை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டால் போதும். கடை நோட்டை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் பாதிக் கடை இப்போது இல்லை.

போன வருஷம் ரிட்டயர் ஆனேன். முழங்கால் வலிக்கிறது. ஆனாலும் மாதம் ஒரு தரம் ராமையா வீட்டுக்கு ஏறிப்போகிறேன். எல்லாம் சாப்பிடலாம் என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார். சோறு போனால் வயிறு இழுத்துப் பிடிக்கிறது என்று ராமையா சோற்றைத் தொடுவதில்லை. ஆள் பாதியாகிவிட்டார். போன வாரம் போனபோது மத்தியானம் ஒரு மணி இருக்கும். பழக்க தோஷம், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டேன்.

"சாப்பிட்டீங்களா ராமையாண்ணா?"

"சாப்பிட்டேன் மிஸ்ஸி" என்றார்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"தேத்தண்ணியும் பணிஸும்."