குறட்டையாளர்

நெய்வேலிக்கு மாற்றலாகி வந்த வருடம் எனக்கு நான்காம் வகுப்பைக் கொடுத்தார்கள். அதில் மந்தாரக்குப்பத்திலிருந்து வந்த ஒரு பெண் நன்றாகப் பேசுவாள், கதை சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் ஊமையாகிவிடுவாள். சின்னச் சொற்களை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். 'ஆராய்ச்சியாளர்' மாதிரி நீளமாக ஒன்று வந்தால் தண்ணீர் குடிக்கப் போகணும் என்பாள். அப்படித் தண்ணீர் குடிக்கிறவர்கள் வகுப்பில் இன்னும் ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

சொல்லை உடைத்துக் காட்டலாம் என்று தோன்றியது. பழைய காலண்டர் அட்டையை வெட்டி, சிவப்பு மையில் 'ஆளர்' என்று எழுதினேன். மற்ற அட்டைகளில் தொழில், எழுத்து, பேச்சு. எதன் பக்கத்தில் சிவப்பு அட்டையை வைத்தாலும் அதைச் செய்கிறவர் வந்துவிடுவார் என்று சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகளே வைத்துப் படித்தார்கள். அவள் மட்டும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"எங்கப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து குறட்ட வுட்டுகினே இருப்பாரு. அவரு குறட்டையாளரா டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. ஆனால் நடுவில் ஒரு 'ய்' வரவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாக்கு தானாகக் கொண்டுவந்திருந்தது. 'குறட்டையாளர்' என்று கரும்பலகையில் எழுதி, அதன் கீழே 'ஆராய்ச்சியாளர்' என்று எழுதினேன். அவள் எழுந்து வந்து பின்பாதியை உள்ளங்கையால் மறைத்தாள். ஆராய்ச்சி என்று படித்தாள். கையை எடுத்தாள்.

"ஆராய்ச்சியாளர். ஆராய்ச்சி பண்றவங்க."

அன்று அவள் தண்ணீர் குடிக்கப் போகவில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அப்பா வந்தார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. கூச்சத்தோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் இப்போது தன் பெயரே குறட்டையாளர்தான் என்றும், பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்றும் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"இருக்கட்டுங்க டீச்சர். பஸ்ல போனா பொண்ணு எல்லா போர்டையும் பட்சிகினே வருது. அது போதும்."

மறுநாள் அவள் என் மேசைக்கு வந்து, கடை வைத்திருப்பவரைக் கடையாளர் என்று சொல்லாமல் ஏன் கடைக்காரர் என்கிறோம் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அப்படியே சொன்னேன். அவளுக்கு அதில் ஏக சந்தோஷம். அட்டை வெட்டிக்கொடுங்கள், 'காரர்' எழுதணும் என்று கத்தரிக்கோலை நீட்டினாள்.