பெயர் சரியாக இருந்த கடிதம்

திங்கட்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்குப் பன்னாட்டுப் படிப்புகள் துறையின் அலுவலகத் தொலைபேசி அடித்தது. வியாழக்கிழமை தொடங்கவிருந்த உலக விவகாரக் கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலை அடித்துக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் அம்மாள் எடுத்தாள். பேசியவர் பிரிவு எழுத்தரின் மைத்துனர் என்றார். நெஞ்சு வலி என்று வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போன எழுத்தர், அரை மணி நேரத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாராம்.

"நீங்க அவருக்கு என்ன முறை?"

"அதான் சொன்னேனேம்மா, மச்சினன்."

"அவரு சம்சாரம் நம்பரைச் சொல்லுங்க பாப்போம்."

"சாவு சொல்ல வந்தவன்கிட்டயே அத்தாட்சி கேக்குற ஆபீஸை இப்பதான் பாக்குறேன்" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அவள் தானே எழுத்தரின் மனைவியின் எண்ணுக்கு அடித்தாள். யாரும் பேசுவதற்கு முன்பே அழுகை கேட்டது. அப்போதுதான் நம்பினாள். பதினெட்டு வருஷம் எதிர் மேஜையில் உட்கார்ந்து அவரிடமே கற்றுக்கொண்ட வித்தை அது. வந்த அழைப்பை நம்பாதே, நீயாகத் திருப்பி அழை.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் சல்லடை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் அழைப்பு, மாநாட்டுக் கடிதம், பரிமாற்றத் திட்டத்துக்கான ஒப்புதல் எதுவானாலும் அவர் கையில் ஏறி இறங்காமல் துறைத்தலைவரிடம் போகாது. தன் கல்யாணப் பத்திரிகையைக்கூட இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் மாப்பிள்ளையாகப் போனார் என்று அவர் மனைவியே சொல்லிச் சிரிப்பாள்.

கருத்தரங்குகளில் மேஜைக் கொடி வைப்பதும் அவர் வேலைதான். கோட்டு போட்ட ஒருவர் ஏதோ ஒரு தீவு நாட்டுத் தூதரகம் என்று சொல்லிக்கொண்டு தொடர்ந்து நான்கு கருத்தரங்குகளில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஐந்தாவது தடவை சல்லடை அவர் முன்னால் வேறொரு நாட்டுக் கொடியை வைத்தார். மனிதர் அதைப் பார்த்துப் புன்னகைத்து, பக்கத்தில் இருந்தவரிடம் தன் நாட்டைப் பற்றிப் பெருமையாகப் பேசத் தொடங்கினார்.

"சொந்தக் கொடி தெரியாத தூதரைப் பாத்திருக்கியா தங்கச்சி?" என்று டைப்பிஸ்ட் அம்மாளிடம் கேட்டார்.

"கொடி தெரியாட்டி என்னண்ணே, சாப்பாட்டு ஹால் எந்தப் பக்கம்னு தெரிஞ்சிருக்கே."

ஆனாலும் அவரைச் சாப்பிட்டு முடிக்கவிட்டுத்தான் வெளியே அனுப்பினார். சாப்பிட உட்கார்ந்தவனை எழுப்பக் கூடாது என்பது அவர் கட்சி.

கடிதங்களைச் சலிக்க அவரிடம் ஒரு விதி இருந்தது. நம் ஆட்களின் பெயருக்கு முன்னால் நிற்பது அப்பாவின் பெயருடைய முதலெழுத்து. வெளிநாட்டுக்காரர்களுக்கு அது பிடிபடாது. அப்பா பெயரைப் பிள்ளைக்கு வைத்து, பிள்ளை பெயரைக் குடும்பப் பெயராக்கி, தலைகீழாகத்தான் எழுதுவார்கள். ஒரு தடவை ஒரு மாணவிக்கு வந்த கடிதம், இறந்துபோன அவள் அப்பாவை "அன்புள்ள ஐயா" என்று அழைத்து, நல்வரவு சொல்லியிருந்தது. அதைத் தூக்கிப் பிடித்து, "இது சத்தியமா நிஜம்" என்றார் சல்லடை. "பேரு சரியா இருந்தா அத எழுதினவன் பக்கத்துத் தெருக்காரன்." அந்த விதியால் மூன்று போலிக் கடிதங்களைப் பிடித்திருக்கிறார்.

இரண்டு வாரத்துக்கு முன் டைப்பிஸ்ட் அம்மாளின் மகளுக்கு ஒரு கடிதம் வந்தது. அவளும் அந்தத் துறையில்தான் படிக்கிறாள். ஒரு வருஷப் பரிமாற்றப் படிப்பு. துறை சரிபார்த்து உறுதிப் படிவம் அனுப்பினால்தான் இடம் நிலைக்கும். கெடு செவ்வாய்க்கிழமை மதியம். கடிதத்தில் மகளின் பெயர், முதலெழுத்து, புள்ளி, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

"இவ்வளவு சரியா இருக்கக் கூடாதே தங்கச்சி" என்றார் சல்லடை. கடிதம் அவர் பீரோவுக்குள் போனது.

தினமும் கேட்டாள். தினமும் "பாக்குறேன்" என்றார். வெள்ளிக்கிழமை காலையில், "இன்னும் ஒரு இடத்துல கேக்கணும். அவசரப்பட்டா காரியம் கெட்டுடும்" என்றார். அப்போதே அவளுக்குள் ஒரு முள் தைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் மகனும் இதே திட்டத்துக்கு விண்ணப்பித்திருந்தான். தேர்வானவர்களின் பட்டியலை அடித்தவள் அவள்தான். அதில் அவன் பெயர் இல்லை. அதற்குப் பிறகு எழுத்தர் அவள் பிளாஸ்க்கிலிருந்து டீ வாங்கிக் குடிப்பதை நிறுத்திவிட்டார். கேட்டால் வயிற்றுப் புண் என்றார். கேன்டீனில் மட்டும் குடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது மனிதரே இல்லை. பதினெட்டு வருஷப் பழக்கத்துக்கு அழுகை வரும் முன் பீரோ ஞாபகம் வந்ததே என்று தன்னைத்தானே நொந்துகொண்டு துறைத்தலைவரின் அறைக்குப் போனாள்.

"எழவு வீட்டுக்குக் கிளம்பாம பீரோவத் திறக்கச் சொல்றாளேன்னு நினைக்காதீங்க மேடம்."

"நினைக்கலம்மா. அவரா இருந்தாலும் முதல்ல பீரோவத்தான் திறந்திருப்பாரு."

மாற்றுச் சாவி துறைத்தலைவரிடம் ஓர் உறையில் இருந்தது. ஒட்டிய இடத்தின் மேல் சல்லடையின் குறுக்குக் கையெழுத்து. யாரும் பிரித்து ஒட்டவில்லை என்று இருவரும் பார்த்த பிறகே கிழித்தார்கள்.

கடிதம் மூன்றாவது தட்டில், தனிக் கோப்பில் இருந்தது. அதன் பின்புறம் பென்சிலில் அவர் எழுத்து: "புதன் மாலை 6.10. நானே அழைத்துப் பேசினேன். அங்கே நம் மொழி தெரிந்த பெண் ஒருத்தி வேலை பார்க்கிறாள். பெயரைச் சரியாக எழுதியது அவள். கடிதம் உண்மை." அதன் அடியில் உறுதிப் படிவம். எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. முத்திரை விழுந்திருந்தது. அவர் கையெழுத்தும் இருந்தது.

"பாத்தியா, வேலைய முடிச்சு வச்சிருக்காரு" என்றார் துறைத்தலைவர்.

டைப்பிஸ்ட் அம்மாள் பென்சில் வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புதன்கிழமையே தெரியும் மேடம் இவருக்கு. வெள்ளிக்கிழமை எங்கிட்ட இன்னும் கேக்கணும்னாரு."

"ரெண்டாவது தடவை சரிபாக்க நினைச்சிருப்பாரு. அவரு குணம் உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான்."

இன்னொரு இடம் எது என்று கோப்பைப் புரட்டினாள். வேறு எண்ணோ குறிப்போ இல்லை.

துறைத்தலைவர் படிவத்தை வாங்கிப் பார்த்து, "தேதி இல்லையே. வெள்ளிக்கிழமைன்னு போட்டு அனுப்பிடலாமா?" என்றார்.

"வேண்டாம் மேடம். தேதி மட்டும் அவரு எழுதினது இல்லன்னு பாத்தவுடனே தெரியும்."

புதுப் படிவம் ஒன்றை அவள் அடித்தாள், துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டார். நான்கு முப்பத்தைந்துக்கு ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. கிடைத்தது, இடம் உறுதி என்று. அனுப்பியவரின் முகவரியை இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மகளுக்குச் சொன்னாள்.

சாவு வீட்டில் செருப்புகளுக்கு நடுவே எழுத்தரின் மகன் நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தங்கச்சிக்கு இடம் கெடைச்சிருச்சாமே அத்தை. அப்பா புதன்கிழமையே சொன்னாரு."

"வேற என்னப்பா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. எம் மூஞ்சியவே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் டிவி போடச் சொன்னாரு."

அவன் முகத்தை அவளும் பார்த்தாள். அழுது வீங்கிய முகம், அதில் வேறு எதையும் படிக்க முடியவில்லை. உள்ளே போய், அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

அவர் நிரப்பிய படிவம் அந்தக் கோப்பிலேயே இருக்கிறது. கையெழுத்துக்குக் கீழே தேதிக்கான இடத்தில் அவர் எதுவும் எழுதவில்லை.