விமானம் கண்டுபிடித்த ஆள்

அரசாங்கத்தில் விமானம் ஓட்டுகிறேன் என்றால் உறவுக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். அடுத்த கேள்வி, "துபாய்க்கெல்லாம் போவீங்களா?" என்பதுதான். என் விமானத்துக்கு ஒரே எஞ்சின். ஆட்டோவில் ஏறுகிற அளவுதான் ஆள் ஏறலாம். ஏரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, காடு எங்கே எரிகிறது என்று மேலிருந்து பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவது என் வேலை. பேரு பெத்த பேரு, தாக நீலு லேது என்பார்கள் எங்கள் பக்கத்தில். பேர் மட்டும் பெரிசு, குடிக்கத் தண்ணீர் கிடையாது.

ஜவ்வாது மலைக்கு ஒருவரைத் தேடப் போனதும் அப்படித்தான். புதூர்நாட்டுப் பக்கம் தேனெடுக்கக் காட்டுக்குள் போனவர் இரண்டு நாளாகத் திரும்பவில்லை. ஊர் ஆண்கள் கிழக்கே தேன்பாறையில் தேடிக்கொண்டிருந்தார்கள். என் பின்னிருக்கையில் வனக்காவலர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கீழே பார்க்க வேண்டியது அவர் பொறுப்பு. மலைமேல் ஏறியதுமே அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. பிளாஸ்டிக் பைக்குள் முகத்தைப் புதைத்தவர் கடைசிவரை நிமிரவில்லை.

தேன்பாறையைச் சுற்றிவிட்டு மேற்கே திரும்பினேன். நல்ல வெயில். அங்கே ஓர் ஓடைப்பள்ளம், அதற்கு அப்பால் உயரமான முகடு. தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு தப்பிவிட்டது. முகட்டிலிருந்து இறங்குகிற காற்று விமானத்தைக் கீழே அமுக்கியது. எஞ்சினுக்கு முழு விசையும் கொடுத்தேன், ஏறமாட்டேன் என்றது. பாறையும் மரமும் கண்ணாடிக்கு நேராக வந்துகொண்டிருந்தன. சட்டென்று திருப்பி, அந்தப் பள்ளத்துக்குள்ளேயே வட்டமடித்து வட்டமடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உயரம் சேர்த்து வெளியே வந்தேன். அவ்வளவு நேரமும் என் கண் உயரம் காட்டும் முள்ளை விட்டு அகலவில்லை. காணாமல் போனவருடைய நினைவே இல்லை எனக்கு. என் உயிர், என் பெண்டாட்டி பிள்ளை, எங்கள் குலதெய்வம், இவ்வளவுதான் மனசில் இருந்தது.

தரையிறங்கியதும் நன்றாகத் தேடினோம் என்று மட்டும் சொன்னேன். பயந்து நடுங்கியதைச் சொன்னால் மானம் போய்விடுமே! வனக்காவலரும் வாந்தியைப் பற்றி மூச்சுவிடவில்லை.

மாலையில் போன் வந்தது. ஆள் உயிரோடு கிடைத்துவிட்டார், நான் சுற்றிச் சுற்றி வந்த அதே பள்ளத்தில். தேன்பாறையில் நின்றவர்கள் விமானம் ஒரே இடத்தில் வட்டமடிப்பதைப் பார்த்து, பைலட் இடம் காட்டுகிறார் என்று அங்கே ஓடியிருக்கிறார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. மறுநாள் மேலதிகாரி முதுகில் தட்டியபோதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஈயென்று இளித்துக்கொண்டு நின்றேன். த்தூ, நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சில மாதம் கழித்து, காட்டில் கிடைத்தவருடைய மனைவி போன் செய்தாள். பெண் குழந்தைக்குக் காது குத்துகிறார்களாம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. "ஒங்க மடியிலதாங்கண்ணா உக்கார வச்சு குத்தணும்," என்றாள். மறுக்க வாய் வரவில்லை. என் மனைவி பட்டுப்பாவாடையும் தோடும் வாங்கிக் கொடுத்து, வானத்தில் கண்டெடுத்த தங்கச்சிக்கு மாமன் சீர் என்று கிண்டலடித்து அனுப்பிவைத்தாள்.

ஜீப்பை விட்டு இறங்கியதிலிருந்து மரியாதை தாங்கவில்லை. வாசலில் பந்தல். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அவள் கணவருக்கு ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. பாறையிலிருந்து விழுந்து உடைந்த கால், கிடந்த கிடையில் புண் புரையோடிவிட்டதாம். ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் காலை எடுத்திருக்க வேண்டாம் என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்களாம். இதையெல்லாம் அவர் ஏதோ பஸ் தவறிப்போன மாதிரி சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க மேல சுத்தினத பாத்துதான் மச்சான் எனக்கு உசுரே நின்னுச்சு. துண்ட ஆட்டினேன், பாத்தீங்க இல்ல?" நான் தலையாட்டினேன். அந்தத் தலையை அப்படியே கழற்றி எறிந்துவிடலாம் போலிருந்தது.

குழந்தையை என் மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற ஆண்களில் ஒருவர், விமானம் மட்டும் வராவிட்டால் நாங்கள் இன்னும் தேன்பாறையையே சுற்றிக்கொண்டிருப்போம் என்றார். குழந்தையின் அம்மா தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள், ஓடைப்பக்கம் ஒரு தேன்கூடு பார்த்து வைத்திருப்பதாகக் கணவர் போவதற்கு முந்தின நாளே தன்னிடம் சொன்னார் என்றும், அங்கே போய்ப் பாருங்கள் என்று தேடத் தொடங்கிய முதல் நாளே தானும் சொன்னதாகவும். ஆண்கள் சிரித்தார்கள்.

"ஆமா, நீ சொன்ன. இவருதான பாத்தாரு," என்றார் அந்த ஆள்.

அவளும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் வாய்க்குப் பூட்டு கிடையாது.

"நான் பாக்கலைங்க," என்றேன். "யாரையும் பாக்கல. விமானம் ஏறல, பயத்துல அந்தப் பள்ளத்துக்குள்ள சுத்திக்கினு இருந்தேன். இந்தம்மா சொன்னதுதான் நெசம்."

செய்துவிட்டோமடா நல்ல காரியம் என்று எனக்குள் லேசாக ஒரு பெருமைகூட எழுந்தது. அதைச் சொல்லத்தான் இப்போது அதிகம் வெட்கமாக இருக்கிறது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தாள், பிறகு அந்த ஆண்களைப் பார்த்தாள்.

"அப்ப மொத நாளே போயிருந்தா அவருக்குக் காலு இருந்திருக்கும் இல்ல?"

சிரித்தவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாளும், தான் சொன்னது வெறும் யூகம், விமானம் வந்து காட்டும்வரை யாருக்குத் தெரியும், விதி அவ்வளவுதான் என்று அவள் மனசு ஆறியிருந்தது. நான் என் பாரத்தை இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டேன்.

கட்டிலிலிருந்து அவர்தான் பேசினார். "நேரம் போவுது, குத்துங்க ஆசாரி," என்றார்.

குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எடுக்கவில்லை. அருகில் வந்து, குழந்தையின் தலை அசையாமல் பிடித்துக்கொள்ளும்படி என் கையை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போனாள். ஆசாரி ஊசியை வைத்தார். குழந்தை வீறிட்டு அழுதது. பந்தலில் வேறு பேச்சே இல்லை. அந்த அழுகை நின்றுவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.