வண்டி ஆறட்டும்

வெர்லின் ஸ்ட்ரவுட் புல் வெட்டுவதை யாரும் நின்று பார்த்ததில்லை. வெட்டி முடித்தபின் புல்வெட்டும் வண்டியை டிரெய்லரில் ஏற்றுவார் பாருங்கள், அதைத்தான் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் பார்ப்பார்கள்.

தெற்கு இண்டியானாவில் கூலிக்குப் புல் வெட்டுகிற மற்றவர்கள் வெட்டிய சூட்டோடு வண்டியை ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் பறப்பார்கள். வெர்லின் எஞ்சினை அணைப்பார். அடித்தட்டில் ஒட்டிய புல்லைக் குச்சியால் சுரண்டித் தள்ளுவார். பிறகு டிரெய்லர் விளிம்பில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே "ஆறட்டும்" என்பார். ஆறியபின் சரிவுப் பலகையில் வண்டியைப் பின்பக்கமாக ஏற்றுவார். கனமெல்லாம் பின்னால் இருக்கிற வண்டி அது. நேராக ஏற்றினால் மூக்கைத் தூக்கி ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்துவிடும். மேலே போனதும் பெட்ரோல் குழாயை மூடி, நான்கு மூலைக்கும் பெல்ட் போட்டு, ஒவ்வொன்றையும் சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

எல்லாம் பாதுகாப்புக்காக என்பார். பொய்யில்லை. ஆனால் பள்ளி மைதானத்தில் கால் மணியில் ஆறிவிடுகிற அதே வண்டி, வியாழக்கிழமை இமொஜீன் ஃபல்ட்ஸ் வீட்டில் மட்டும், அதுவும் மேப்பிள் மர நிழலில் நின்றுகொண்டு, ஆறுவதற்கு ஒன்றரை மணி எடுத்துக்கொண்டது. இது ஊருக்கே தெரியும்.

இமொஜீன் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. வெர்லினுக்கும் மனைவி லவோன் இறந்துபோய்ச் சில வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் தன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. அடுப்பு மேடையோரம் நின்றபடி, டின்னில் இருப்பதைச் சுடவைக்காமலே கரண்டியால் அள்ளிப் போட்டுக்கொள்வார். வாரத்தில் ஒரே ஒரு நாள், வண்டி ஆறுகிற சாக்கில், இமொஜீன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, தட்டில் வைத்த பெர்சிமன் பழப் புட்டிங்கைச் சாப்பிட்டபடி இன்னொரு மனுஷியோடு பேசினார். 'உட்காரட்டுமா' என்று கேட்க மட்டும் அவருக்கு வாய் வந்ததில்லை. வண்டிதான் அவருக்காகக் கேட்டது.

அந்த ஜூன் மாத வியாழக்கிழமை சர்ச் வளாகத்தை வெட்டி முடிக்கத் தாமதமாகிவிட்டது. அடுத்தது இமொஜீன் வீடு. வெர்லின் ஆறவைக்கவில்லை, சுரண்டவில்லை. கொதிக்கிற வண்டியை ஏற்றி, மேலே தார்ப்பாயை இழுத்துப் போட்டு, காய்ந்த புல்லும் சூடான சைலன்சரும் ஒட்டி உறவாட விட்டுக் கிளம்பினார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் புகைந்துகொண்டிருந்தது.

தீயணைப்பு வண்டியில் தன்னார்வலராக வந்தவர் டப் கெஸ்லர், தானியக் கிடங்குக்காரர், பள்ளி நாளிலிருந்து வெர்லினுக்குச் சிநேகிதர்.

"ஏம்ப்பா, ஆறட்டும் ஆறட்டும்னு ஊருக்கே பாடம் எடுப்பியே?"

"அவசரம்டா."

"அப்படி என்ன அவசரம்?"

வெர்லின் ஆற்றைப் பார்த்தார்.

"ஓ! இன்னைக்கு வியாழனா? இமொஜீன் வீட்ல நிதானமா ஆறவைக்கிறதுக்கு இங்க அவசரமா கொளுத்திட்டியா!"

டப் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த குழாய் ஆடி வெர்லினை நனைத்தது. குழாய் தானாக ஆடியதா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

வண்டி பிழைக்கவில்லை. மகள் ஜோலீன் பதறிப்போய், மறுவாரமே பேட்டரியில் ஓடும் புது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"பாருங்கப்பா, பெட்ரோல் இல்ல, புகை இல்ல. வெட்டின கையோட ஏத்திட்டுப் போயிட்டே இருக்கலாம். ஒரு நிமிஷம் காத்திருக்க வேணாம்."

"ஒரு நிமிஷம்கூடவா?"

"ஒரு நிமிஷம்கூட!"

"ரொம்ப நல்லதும்மா" என்றார் வெர்லின், சாவு வீட்டில் சொல்கிற குரலில்.

வியாழன் வந்தது. இமொஜீன் வீட்டுப் புல்லை அவர் அவ்வளவு மெதுவாக வெட்டியதில்லை. தபால் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்ததில் அங்கே மண் தெரிந்தது. கடைசியில் வெட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இமொஜீன் ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்து வண்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"சில்லுன்னு இருக்கே, வெர்லின்."

"வெளியிலதாங்க. உள்ள பேட்டரி கொதிக்கும்."

"கொதிக்காதாமே. ஜோலீன் ஃபோன்ல சொன்னா. உடனே ஏத்திடலாமாம்."

"சொல்லிட்டாளா."

வெர்லின் தன் பூட்ஸைப் பார்த்தார். கேட்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதைக் கேட்காமல், "அப்ப ஏத்திடறேன்" என்று சரிவுப் பலகையை இறக்கினார்.

இமொஜீன் குனிந்து வண்டியிலிருந்து சாவியை உருவினார்.

"ரோட்ல கொண்டுபோறப்ப இது வண்டியில இருக்கக் கூடாதாம். அதையும் சொன்னா."

"அது ஏத்தினப்புறம் எடுக்கணுங்க."

"முன்னாடியோ பின்னாடியோ, பாதுகாப்பு முக்கியம்." சாவி ஏப்ரன் பைக்குள் போனது.

"சாவி இல்லாம எப்படிங்க ஏத்தறது?"

"ஏத்த முடியாதுதான். உள்ள வாங்க. இத்தனை நாளா அந்த வண்டி கேட்டுச்சு. இன்னைக்கு நீங்க கேப்பீங்களான்னு பார்த்தேன். உங்களை நம்பினா புட்டிங் ஊசிப்போயிடும்."

காதுவரை சிவந்துபோய் வெர்லின் உள்ளே போனார். இரண்டு தட்டு காலி செய்தபின்தான் அவருக்கு மறுநாள் ஞாபகமே வந்தது.

"நாளைக்குக் கல்லறைத் தோட்டத்துல வெட்டணும். சாவி..."

"காலைச் சாப்பாட்டுக்கு வந்து வாங்கிக்கங்க."

வண்டி அன்றிரவு மேப்பிள் மரத்தடியிலேயே நின்றது. விடிந்தும் விடியாமலும், முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வெர்லின் போய்க் கதவைத் தட்டினார். இமொஜீன் இன்னும் எழுந்திருக்கவில்லை.