இன்னொரு வாட்டி ஏத்து

பேய்க்கும் எனக்கும் எந்தக் காலத்திலும் பேச்சுவார்த்தை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள், எனக்கு அது பழக்கம்தான். செங்கல்பட்டில் எங்கள் தெருவில் பேய் என்று ஒன்று உலவியது உண்டென்றால் அது நான்தான். வெள்ளை வேட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, செகண்ட் ஷோ விட்டு வருகிறவர்களை செருப்பை விட்டுவிட்டு ஓடவைத்தவன். பேய் செய்யும் பக்குவம் தெரிந்தவன் பேயை நம்புவானா, சொல்லுங்கள்?

எழுபதுகளின் நடுவில், சாராயக் கடைகளை மறுபடி மூடியிருந்த சமயம். எனக்கு நாற்பத்திரண்டு வயது, ஒரு ரேடியோ ரிப்பேர் கடை, ஒரு தொப்பை, ஒரு புல்லட். மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. மனைவி அச்சரப்பாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் உட்காருவது பாவம் என்று, மகாபலிபுரம் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரலாமென்று தனியாகக் கிளம்பினேன். திருக்கழுக்குன்றத்தில் வேகவைத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கிச் சட்டைப்பைக்குள் கொட்டிக்கொண்டு, தின்றபடியே, மாட்டுவண்டிகூட முந்திப்போகிற வேகத்தில் ஓட்டினேன். நேர் ரோட்டில் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒரு கிளை ரோடு தெரிந்தது, நிழலாக இருந்தது, திருப்பினேன்.

ஏரித் தண்ணீர் பாயும் வயல்கள் முடிந்து, கடலோரத்து மணல் இன்னும் ஆரம்பிக்காத இடம் அது. நாலு பனைமரம், தூரத்தில் சவுக்குத் தோப்பு, உப்பங்கழி வாடை, அவ்வளவுதான். மத்தியான வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. ஒரு வளைவில் திரும்பினால் ரோடு முழுக்கக் கொள்ளுச் செடி.

நம் பக்கத்தில் இது சகஜம்தான். களத்தில் போட்டு அடிப்பானேன் என்று அறுத்த கொள்ளைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள், போகிற பஸ்ஸும் லாரியும் மிதித்துக் கொடுத்துவிடும், தவிடு புண்ணாக்கு கேட்காத மாடுகள். இரண்டு சக்கரக்காரனுக்குத்தான் ஆபத்து, மணி உதிர்ந்தால் வழுக்கும். வலது ஓரத்தில் ஒரு முழம் இடம் காலியாக இருந்தது. அதில் வண்டியை விட்டேன்.

"இன்னா அண்ணாத்த, பூன மாதிரி ஓரமா பூந்து போற? மேல ஏத்து!"

தலையில் துண்டு, கையில் செடியைப் புரட்டுகிற கவைக்கோல், ஐம்பது வயசு இருக்கும் ஒரு அம்மாள். பல்லெல்லாம் வெற்றிலைச் சிவப்பு.

"வழுக்கும்மா."

"இம்மாம் பெரிய வண்டிய வச்சிகினு வழுக்குமாம்! காலைலேர்ந்து ஒரு பஸ்ஸு வரல. நீயாச்சும் நாலு வாட்டி போய் வந்தா கொறஞ்சா பூடுவ?"

வண்டியைப் பெரியது என்று சொல்லிவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. ஏற்றினேன். அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வந்தேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"வண்டிதான் பெருசா கீது. கனமே இல்லியே. வூட்ல சோறு போட்றாங்களா இல்லியா?"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. தொப்பைக்குப் பெயர்போனவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? கையை விட்டு ஓட்டினேன், எழுந்து நின்று ஓட்டினேன், சர்க்கஸ்காரன் தோற்றான். ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் ஏதோ அமுக்கியது. வேர்க்கடலை, வாயு என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த தடவை நடுவில் சக்கரம் எதன்மேலோ ஏறி இறங்கியது. மேட்டில் ஏறினால் வண்டி குதிக்கும். இது குதிக்கவில்லை, அமுங்கியது. கூடவே கீழேயிருந்து ஒரு சத்தம். "ஹ்க்" என்று. மனிதன் மூச்சை ஒரேயடியாகப் பிழிந்தால் வருகிற சத்தம்.

கோடியில் திருப்பி, ஓரத்து இடத்திலேயே வந்து அவள் பக்கத்தில் நிறுத்தினேன்.

"எம்மா, உள்ள யாரோ கீறாங்க!"

"ஆமா, படுத்துகினு கீறான். இன்னொரு வாட்டி ஏத்து."

"யாரும்மா?"

"யாரா இருந்தா உனக்கு இன்னா? வண்டிக்காரன்னா வண்டிய ஓட்டு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வழுக்கி விழுந்தால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. ஒரு ஆளைக் கொன்றுவிட்டேன், அதுவும் சர்க்கஸ் காட்டிக் கொன்றிருக்கிறேன் என்றுதான் தோன்றியது. ஜெயில், களி, கடையை மச்சினன் எடுத்துக்கொள்வது வரை மனசுக்குள் ஓடி முடிந்துவிட்டது. ஸ்டாண்ட் போடக்கூட வரவில்லை, வண்டியைப் பனைமரத்தில் சாய்த்துவிட்டு ஓடிவந்து மண்டியிட்டுச் செடிக்குள் இரண்டு கையையும் விட்டேன்.

சட்டை தட்டுப்பட்டது. பித்தான். சட்டைப்பையில் உருண்டை உருண்டையாக ஏதோ. அதற்குக் கீழே நெஞ்சு, சூடாக, ஏறி இறங்கிக்கொண்டு. "உயிர் கீது! உயிர் கீது!" என்று நான் கத்த, "அதான் இன்னொரு வாட்டின்றேன்" என்கிறாள் அந்தப் பாவி. மூச்சு சரியாக வருகிறதா என்று கையை மேலே கொண்டுபோய் மூக்கைத் தொட்டேன்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் மூக்கை ஒரு கை தொட்டது.

வேர்த்த கை. கன்னத்தைத் தடவினேன், என் கன்னத்தைத் தடவியது. விரலை எடுத்தேன், அதுவும் எடுத்துக்கொண்டது. எதிரே யாரும் இல்லை. அவள் பத்தடி தள்ளி கவைக்கோலை ஊன்றி நிற்கிறாள். என் இரண்டு கையும் கொள்ளுக்குள்ளேதான் இருந்தன. முகத்தின்மேல் ஒரு பிடி செடி மறைத்திருந்தது, அதை விலக்கினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். நான் விலக்கவில்லை.

எழுந்தேன், வண்டியைத் திருப்பித் தாவினேன், உதைத்தேன். முன்னால் கொள்ளு, பின்னால் அவள். வேறு வழியே இல்லை என்று உங்களிடம் சொல்லலாம்தான். ஆனால் அந்த ஓரத்து ஒரு முழ இடம் அப்படியேதான் இருந்தது. வண்டியைச் சாய்த்து அதில் விடுவதற்கு ஒரு நொடி ஆகும், அந்த ஒரு நொடியைச் செலவழிக்க எனக்கு மனசில்லை. அவன் கிடக்கிறான் என்று தெரிந்தே, ஆக்ஸிலேட்டரை முறுக்கி, நேராக மேலே ஏற்றினேன்.

சுள்ளி ஒடிகிற மாதிரி 'மளுக்' என்றது. பின்னால் கைதட்டுகிற சத்தம்.

"இப்பத்தான்யா நல்லா ஏறிச்சு!"

மகாபலிபுரம் பஸ் நிலையத்துக்கு எப்படி வந்தேன் என்று கேட்காதீர்கள். அங்கே ஒரு பாய் டீக்கடை. டீ கிளாஸைத் தூக்க முயன்றேன், தூக்க முடியவில்லை, அப்படியே பெஞ்சில் சாய்ந்துவிட்டேன். பாய்தான் என் சட்டைப் பித்தானைக் கழற்றி, பனியனைத் தூக்கிப் பார்த்தார். பார்த்தவர் "யா அல்லா" என்றார். நெஞ்சின் குறுக்கே டயர் தடம், கட்டம் கட்டமாக. ஒன்றின்மேல் ஒன்றாக நாலைந்து. பனியனுக்கு உள்ளே, சதையோடு ஒட்டிக்கொண்டு, நசுங்கிய கொள்ளு.

"யாரு சார் உங்க மேல வண்டிய ஏத்துனது?"

"நான்தான் பாய்."

"உங்க மேல ஏத்துனது யாருன்னு கேக்கறேன்."

"அதைத்தான் பாய் சொல்றேன். நான்தான்."

பாய் என் வாயருகே குனிந்து மோந்து பார்த்தார். "பாண்டிச்சேரி பக்கம் போய்ட்டு வந்துகீறாரு" என்று கடையில் இருந்தவர்களிடம் சொன்னார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரித்தால் உயிர் போனது.

விலா எலும்பு ஒன்றில் விரிசல் விட்டிருந்தது. கட்டுப் போட்ட டாக்டர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு முதுகைத் தட்டினார், அது இன்னும் வலித்தது. மனைவி விஷயம் கேட்டு வந்து, "ஏத்தறதுக்கு ஊர்ல வேற ஆளே ஆப்டலியா?" என்றாள். ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது.

கூடாதது ஒன்று உண்டு. வருஷா வருஷம் மாசி பிறந்தால் போதும். கடையில் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருப்பேன், திடீரென்று நெஞ்சில் பாரம் ஏறி இறங்கும். மாட்டுவண்டி என்றால் மாட்டுவண்டி, லாரி என்றால் லாரி, எனக்கு இப்போதெல்லாம் எடை அத்துப்படி. ஒருமுறை லோடு லாரி ஏறி, சட்டையைக் கழற்றிப் பார்த்தால் கட்டம் கட்டமாகத் தடம். அந்த ரோட்டுக்குப் போய் அந்த ஆளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு வரலாம், நண்பர்கள் துணைக்கு வருகிறோம் என்கிறார்கள். கிளம்புவேன். திருக்கழுக்குன்றம் வரை போவேன். வேர்க்கடலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன்.

போன மாசியில் ஏறியது பஸ். ஏறி, அப்படியே நின்றுவிட்டது. மூச்சு விட முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். கொஞ்சம் லேசானது, இரண்டு மூன்று பேர் இறங்கினார்கள் போலிருக்கிறது. இறங்கியவர்களில் ஒருத்தராவது குனிந்து சக்கரத்துக்குக் கீழே பார்ப்பாரா என்று காத்திருந்தேன். என் மூக்கை யாரும் தொடவில்லை. விசில் கேட்டது. மறுபடி பாரம் கூடியது, யாரோ புதிதாக ஏறிக்கொண்டார்கள்.