நாலாவது குரல்

காதில் பூ சுற்றுகிற பழக்கம் எனக்கில்லை. மிக்ஸி, ஃபேன், மோட்டார் ரிப்பேர் பார்த்துப் பிழைக்கிறவன் நான். எதிலிருந்தாவது சத்தம் வந்தால் எங்கோ ஒரு ஸ்க்ரூ லூஸ், அவ்வளவுதான் என் கணக்கு. அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், இது நடந்தது. என் கூடப்பிறந்த அக்காவுக்கு நடந்தது. "மனப்பிரமை" என்று இழுக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். எனக்கொன்றும் வருத்தமில்லை.

அக்கா பள்ளிக்கூட டீச்சர். நாற்பது வயதில் திடீரென்று படிப்பு ஆசை வந்து, பல்கலைக்கழகத்தில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தாள். மனிதர்களின் பேச்சைப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் போட்டு ஆராய்கிற வகுப்பு. பேசுவதெல்லாம் திரையில் கறுப்பும் சாம்பலுமாகப் படமாக விழும். மூச்சு எங்கே நின்றது, குரல் எங்கே ஏறியது, எல்லாவற்றையும் அதில் அளக்கலாமாம். "உன் குறட்டையைக் கொண்டா, எத்தனை முழம்னு அளந்து சொல்றேன்" என்று என்னை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பயிற்சிக்கு ஒரு குழந்தையின் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். அட்டையில் உள்ள படத்தைப் பார்த்து, குழந்தை அதன் பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டும். முதல் தடவை கூச்சம் இருக்கும், மூன்றாவதில் குரல் இறங்கிவிடும், அதனால் நடுவில் சொன்னதைத்தான் அளப்பார்கள். குழந்தைக்கு வெளியே அலைய வேண்டியதில்லை. அக்காவுக்கு ஏழு வயதில் ஒரு மகள். மச்சானுக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அக்காவுக்கு உலகமே அந்தப் பிள்ளைதான். அப்போது அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. "ச" வந்தாலே அந்தச் சந்து வழியாகக் காற்று சீறும். "சாப்பாடு" என்றால் குக்கர் கத்துவது போலிருக்கும். நான் அவளுக்கு வைத்த பெயர் "விசில்".

இனி அக்கா சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

மாலை ஐந்தரை மணி. மற்ற மாணவர்கள் கிளம்பிவிட்டார்கள். ஒலிப்பதிவு அறை ஒரு பெட்டி மாதிரி இருக்கும். சுவரெல்லாம் பஞ்சுத் திண்டு, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு, பக்கச் சுவரில் ஒரு கண்ணாடி. உள்ளே நாற்காலியும் மைக்கும்தான். விசில் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

முதல் அட்டை பூனை. "பூனை. பூனை. பூனை." பிறகு லேசாக ஒரு மூச்சு. பிள்ளை கொட்டாவி விடுகிறாள் என்று அக்கா நினைத்தாள்.

அடுத்தது குடை. மூன்று தடவை சொல்லி முடித்தாள். ஒரு நொடி கழித்து ஹெட்போனில்... "உ... ஐ..." அப்போதுதான் பேசப் பழகுகிற குழந்தை மாதிரி.

அக்கா தன் பக்கத்து மைக்கில் கேட்டாள். "கண்ணு, எத்தனை தடவை சொன்னே?"

"மூணும்மா."

"நாலு கேட்ட மாதிரி இருந்துச்சே?"

"மூணுதாம்மா!"

எதிரொலியாக இருக்குமோ? அந்த அறையில் கை தட்டினாலே சத்தத்தைத் திண்டு விழுங்கிவிடும். ஆனால் திரையில் நாலாவது மேடு பளிச்சென்று இருந்தது. ஒவ்வொரு அட்டைக்கும் அந்தக் குரல் தேறிக்கொண்டே வந்தது. ஆறாவது அட்டையில் அது அசல் விசிலின் குரல்.

ஏழாவது அட்டை சாவி.

"சாவி. சாவி. சாவி." மூன்றிலும் விசில் சீறியது. திரையின் உச்சியில் அந்தச் சீறல் கறுப்பாக அப்பியிருந்தது.

"சாவி."

நாலாவதில் சீறல் இல்லை. அதே குரல்தான்... ஆனால் பல் முழுசாக இருக்கிற பிள்ளையின் குரல்.

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். அடுத்த அட்டைக்குத் திரையைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக மகளின் வாயையே பார்த்தாள்.

"சீப்பு. சீப்பு. சீப்பு."

வாய் மூடியது.

"சீப்பு."

வாய் மூடியே இருந்தது.

திரையில் மேடு பெரிதாகியிருந்தது. முன்னைவிடப் பெரிதாக. அப்படியென்றால் மைக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

"கண்ணு... அட்டையைக் கீழே வை. வெளியே வா."

"சரிம்மா."

வாய் மூடியது.

"சரிம்மா."

அக்கா ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினாள். கண்ணாடியிலிருந்து கதவுக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தக் கொஞ்ச நேரம் உள்ளே என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது.

முதல் கதவு.

இரண்டாவது கதவு.

கதவை ஒட்டியே பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். கையை நீட்டியபடி.

"போலாம்மா."

அப்படியே வாரி எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. செருப்பை எடுக்கவில்லை.

எட்டு மணிக்கு நான் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

"அம்மா, சாப்பாடு."

நான் சிரித்தேன். "என்னடி, விசிலைக் காணோம்? பல் முளைச்சிடுச்சா?"

அவள் வாயைத் திறந்து காட்டினாள்.

சந்து அப்படியே இருந்தது.

"இன்னொரு தடவை சொல்லு..."

"சாப்பாடு."

சுத்தமாக. ஒரு சீறல்கூட இல்லாமல்.

அக்கா என்னைப் பார்த்தாள். அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னாள்.

மறுநாள் காலை பிள்ளையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேரும் போனோம். ஒலிப்பதிவு அறையைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் குறைப்பட்டுக்கொண்டார். "என்ன டீச்சர், அணைக்காம போயிட்டீங்க? ராத்திரி பூரா பதிவாகிட்டே இருந்திருக்கு. நான் ஏழு மணிக்குப் பூட்டும்போது கவனிக்கல."

"பூட்டும்போது உள்ளே யாராவது..." என்றாள் அக்கா.

"எட்டிப் பார்த்துட்டுத்தானே பூட்டினேன். ஒருத்தரும் இல்ல."

நான் வயரைத் தடவிப் பார்த்தேன். உள்ளே ஒரே மைக், ஒரே வயர், நேரே கம்ப்யூட்டருக்குப் போகிறது. ஒரு ஸ்க்ரூகூட லூஸ் இல்லை. கதவோரம் குட்டிச் செருப்பு கிடந்தது.

பதிவை ஓடவிட்டோம். இரண்டாவது "சரிம்மா"வுக்குப் பிறகு நேரே கதவு திறக்கும் சத்தம். "போலாம்மா." அக்கா மூச்சிரைக்க ஓடுகிற சத்தம். கதவு மூடியது. பிறகு வெறும் கோடு. அண்ணன் பூட்டுகிற சத்தம். மறுபடியும் வெறும் கோடு...

பிறகு மூன்று மேடு.

"அம்மா, சீக்கிரம் வா."

"அம்மா, சீக்கிரம் வா."

"அம்மா, சீக்கிரம் வா."

மூன்றிலும் விசில் சீறியது.

நாலாவது வரவில்லை.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அக்கா அந்த வகுப்பில் நல்ல மார்க்கில் பாஸானாள். ஆனால் மறு வருடமும் அதே வகுப்பில் சேர்ந்தாள். இப்போது மூன்றாவது தடவை. "என்ன ஆர்வம் பாருங்க" என்று பேராசிரியர் மெச்சுகிறாராம். மாணவர்களுக்கு மட்டும்தான் அந்த அறைச் சாவி கிடைக்கும். அதற்காகத்தான் அவள் சேர்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. அக்கா தினமும் சாயங்காலம் போய், உள்ளே உட்கார்ந்து, பேசிவிட்டு வருகிறாள். என்ன பேசுகிறாள் என்று நான் கேட்டதில்லை. கேட்கிற தைரியம் எனக்கில்லை.

வீட்டில் இருப்பவளை அந்த நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறாள், படிக்கிறாள், "மாமா" என்று கூப்பிடுகிறாள். டாக்டர் ஒரு குறையும் இல்லை என்கிறார். அக்கா அவளுக்குத் தலை வாரிவிடுகிறாள். கட்டிப்பிடிப்பது மட்டும் இல்லை. முன்பல் இரண்டும் அழகாக முளைத்துவிட்டன. நான் இப்போது அவளை விசில் என்று கூப்பிடுவதில்லை.

போன வாரம் அக்கா புதுப் பதிவு ஒன்றைக் கொண்டுவந்து, பேசாமல் என் காதில் ஹெட்போனை மாட்டினாள். கேட்டேன். அதே மூன்று தடவை, அதே சீறல்.

அங்கே இருப்பவளுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.