பின் ஷாக்கும் அண்ணனின் உதாரும்

அண்ணனுக்குக் காரில் தெரிந்தது இரண்டே விஷயம்: கதவைத் திறப்பது, வாயைத் திறப்பது. கால் மைல் நேர்ப்பாதைப் பந்தயத்தில் அவர்தான் ஓட்டுநர். 'ராக்கெட்' என்று ஒரு பட்டப்பெயர் வேறு. அதை வைத்ததும் அவரேதான். பத்து வருடமாக அந்தக் காருக்கு அடியில் மல்லாந்து கிடப்பவள் அவருடைய தங்கை.

இந்த முறை பின்பக்கத்துப் பழைய ஷாக் அப்சார்பர்களைக் கழற்றி எறிந்துவிட்டு, குமிழைத் திருகி இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற புது ஜோடியை மாட்டினாள். காலி மைதானத்தில் மூன்று வாரம் ஓடவிட்டுக் கணக்குப் பிடித்தாள். கிளம்பும் நொடியில் காரின் பின்பக்கம் கொஞ்சம் உட்கார வேண்டும். அப்போதுதான் பாரம் பின்சக்கரத்தில் இறங்கி, டயர் தரையைக் கவ்வும். இறுக்கிவிட்டால் டயர் வெறுமனே சுற்றிப் புகை கக்கும். முழுத் தளர்விலிருந்து 'டிக் டிக்' என்று எண்ணித் திருகி, இடது குமிழுக்கு ஆறு சொடுக்கு, வலதுக்கு எட்டு என்று வைத்தாள்.

தகுதிச் சுற்றுக்கு இரண்டு வாய்ப்பு. முதல் ஓட்டத்தில் கார் நின்ற இடத்திலேயே புகைந்தது. கூட்டம் விசிலடித்ததும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை, ஜன்னல் வழியாகக் கையை வேறு ஆட்டினார். அதற்குள் பக்கத்துத் தடத்துக் கார் பாதி தூரம் போய்விட்டது.

நேரப் பலகையைப் பார்த்த பிறகுதான் முகம் தொங்கியது. ஷெட்டுக்குத் திரும்பியதும் எல்லார் முன்னாலும் தங்கையின் மேல் பாய்ந்தார்.

"என்னத்த மாட்டித் தொலைச்சே? அடுத்த ஓட்டத்துலயும் தேறலைன்னா நாளையிலேருந்து நீ பட்டறையில பில் மேசையில உக்காரு. கார் பக்கமே வரக்கூடாது!"

செய்யக்கூடிய ஆள்தான். பட்டறை அவர் பேரில் இருந்தது. அடியில் புகுந்து பார்த்தாள். இரண்டு குமிழும் கடைசிவரை இறுக்கப்பட்டிருந்தன.

"இதை யாரு தொட்டது?"

"நான்தான். கிளம்பும்போது பின்னாடி உக்காந்து போறது பாக்கவே அசிங்கமா இருக்கு. கார்னா விறைப்பா நிக்க வேணாமா?"

கருமம்! பந்தயத்துக்கு வந்தாரா, போட்டோ பிடிக்க வந்தாரா?

அவள் மறுபடி ஆறும் எட்டுமாகத் திருப்பி வைத்தாள். இரண்டாம் ஓட்டத்தில் பேருக்குக்கூடப் புகை இல்லை. பின்பக்கம் அமுங்கியது, கார் பறந்தது, இறுதிச் சுற்றுக்குத் தேறியது.

எதிரணி மெக்கானிக் தேடி வந்துவிட்டார். "பின் ஷாக்கை யாருங்க செட் பண்ணது? பிரமாதம்!"

"நான்தான்," என்றார் அண்ணன், கொஞ்சமும் கூசாமல். "தங்கச்சி சும்மா ஸ்பேனர் எடுத்துக் குடுக்கும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்த தன் மேலேயே ஆத்திரம் வந்தது. விறுவிறுவென்று அடியில் புகுந்தாள். வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, ரெண்டு குமிழையும் முழுசாத் தளர்த்திட்டேன். இறுதிச் சுத்துக்கு நீங்களே வெச்சுக்குங்க. எவ்வளவுன்னு உங்களுக்குத்தான் தெரியுமே."

அண்ணன் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். மெக்கானிக் நகர்வதாகத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் தரையில் படுத்துத் தலையை உள்ளே விட்டார். ஒலிபெருக்கியில் அவர்கள் காரின் எண்ணை அழைத்தார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்கள் அசையவே இல்லை.

அடியிலிருந்து மெல்லக் குரல் வந்தது: "எந்தப் பக்கம்மா திருப்பணும்?"

அவள் அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"காதுல விழல அண்ணே. சத்தமாக் கேளுங்க. இவரும் தெரிஞ்சுக்கட்டும்."